முனியப்பனுக்கு வெட்டாத சுருட்டு

அந்தச் சுருட்டை அப்பா முகர்ந்து பார்த்தார், மாமா முகர்ந்து பார்த்தார், வீட்டுக்காரர்கூட முகர்ந்து பார்த்தார். பழி மட்டும் என் தலையில் விழுந்தது. இத்தனை வருஷம் கழித்தும் நினைத்தால் எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வருகிறது.

அப்போது நாங்கள் மத்திகிரியில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். மாமா இடுப்பில் செல்போன் பவுச் மாட்டிக்கொண்டு திரியத் தொடங்கியிருந்த காலம். மதுரைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம் எங்களுடையது. அப்பா சிப்காட்டில் ஒரு கம்பெனியில் கிரைண்டிங் மிஷினில் நின்றார், காண்ட்ராக்ட்டில். பெர்மனென்ட் என்ற சொல்லை எங்கள் வீட்டில் சாமி பெயருக்கு அடுத்தபடியாகச் சொல்வார்கள். யாரைப் பெர்மனென்ட் ஆக்குகிறார்கள் என்று வரும் திங்கட்கிழமை தெரிந்துவிடும் என்றார் அப்பா. உடனே அம்மா, ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரை முனியப்பனுக்குப் பொங்கல் வைத்துச் சுருட்டுப் படைப்பதாக வேண்டிக்கொண்டாள்.

பெட்டிக்கடைச் சுருட்டே போதும். மாமா சும்மா இருந்தாரா? அவர் அம்மாவின் தம்பி. கம்பெனிகளுக்கு வரும் வெள்ளைக்காரர்களைப் பெங்களூர் விமான நிலையத்திலிருந்து காரில் ஏற்றி வருவார். அப்படி வந்த ஒருவர் கொடுத்த சீமைச் சுருட்டைச் சனிக்கிழமை சாயங்காலம் கொண்டுவந்து நடுக்கூடத்தில் வைத்தார். முனியப்பன் ஆயுசில் இப்படி ஒன்றைப் பார்த்திருக்க மாட்டார் என்று பெருமை வேறு. ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை மூக்கின் கீழே அதை இழுத்து, வெள்ளைக்காரர்கள் இப்படித்தான் தரம் பார்ப்பார்கள் என்றார். அப்பாவும் இழுத்துப் பார்த்தார். வாடகை கேட்க வந்த வீட்டுக்காரரும் வந்த வேலையை மறந்துவிட்டு இழுத்துப் பார்த்தார்.

அப்போதுதான் தெரிந்தது, அதன் ஒரு முனை மூடியிருந்தது. நம் ஊர்ச் சுருட்டு இரண்டு பக்கமும் திறந்திருக்கும். சிலையின் வாயில் செருகிக் கற்பூரத்தைக் காட்டினால் ஏரிக்காற்றிலேயே புகைந்துவிடும். இதை வெட்டித்தான் ஆக வேண்டும். எப்படி வெட்டுவது? நுனியை நேராக நறுக்குவதும் உண்டாம், ஆப்பு வடிவத்தில் கீறுவதும் உண்டாம். பின்சீட்டு வெள்ளைக்காரர்கள் இரண்டையும் செய்வதை மாமா காரின் கண்ணாடியில் பார்த்திருக்கிறார். ஆப்புதான் மரியாதையாக இருக்கும் என்பது அவர் கட்சி. அப்பா இரும்பு ஸ்கேலை எடுத்து வந்து, நேராகத்தான் வெட்ட வேண்டும், இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் போனால் சுற்று பிரிந்துவிடும் என்று வாதாடினார். வீட்டுக்காரர் தெலுங்கு பேசுகிறவர். "எதுக்குப்பா வெட்டறது, ஆணில சின்னதா ஒரு ஓட்ட போட்டா சாலு, அதுவே போதும்" என்றார். கடைசியில் மாமா, பல்லால் கடித்துத் துப்பினால் முடிந்தது கதை என்றார்.

அடுப்படியிலிருந்து அம்மா வெளியே வந்தாள். "கடிச்சா எச்சி. ஓட்ட போட்டா ஓட்டச் சாமான். வெட்டுனா மூளி. சாமிக்கு வைக்கிறத மூளியாக்கியா வைப்பீங்க?"

அதோடு மூன்று ஆம்பளைகளும் வெட்டாமலே படைக்கச் சம்மதித்தார்கள். வெட்டாவிட்டால் புகையாது என்று நான்தான் சொன்னேன். பெரியவங்க பேச்சுல பொட்டப்புள்ளைக்கு என்ன வேலை என்று மாமா என்னை விரட்டினார். போகிற போக்கில் நானும் அதை எடுத்து ஒரு தரம் முகர்ந்தேன். வெல்லப்பாகும் பழைய மரமும் கலந்த வாசனை. அவ்வளவுதான் நான் செய்தது.

ஞாயிற்றுக்கிழமை முனியப்பன் வாயில் சுருட்டைச் செருகிப் பூசாரி கற்பூரம் காட்டினார். நுனி சிவந்தது, அணைந்தது. மறுபடி காட்டினார், மறுபடியும் அணைந்தது. பொங்கல் பானைக்குப் பக்கத்தில் நின்ற அம்மாவின் முகம் வெளுத்துப்போனது. பூசாரி திரும்பி எங்களைப் பார்த்தார்.

"படைக்கிறதுக்கு முன்ன யாருனா இத மோந்து பாத்துக்கிறீங்களா? நெசத்தச் சொல்லிடுங்க."

சாமிக்கு வைக்கும் பூவை முகரக் கூடாது என்று எனக்குத் தெரியும். சுருட்டுக்கும் அதே சட்டம் என்று யார் சொன்னார்கள்? இருந்தாலும் பள்ளிக்கூடத்தில் தூக்குவதுபோல் கையைத் தூக்கினேன். ஐந்தாம் வகுப்புப் படிக்கிற எனக்கு, நான் தூக்கினால் மற்றவர்களும் தூக்குவார்கள் என்று நம்பிக்கை. மாமா சட்டென்று ஏரியைப் பார்த்தார். பொங்கலுக்குக் கூடவே வந்திருந்த வீட்டுக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார்.

"அப்பாவுந்தான் மோந்து பாத்தாரு! மாமாவும் பாத்தாரு!" என்று கத்தினேன். அம்மாவின் கை கன்னத்தில் விழுந்தது. செய்ததும் அல்லாமல் பெற்றவன் மேல் பழி போடுகிறாயா என்று இன்னொன்றும் விழுந்தது. அப்பா தடுக்கவில்லை.

திங்கட்கிழமை அப்பா சீக்கிரமே வீட்டுக்கு வந்துவிட்டார். பெர்மனென்ட்டும் இல்லை, காண்ட்ராக்ட்டும் முடிந்தது. லைன் வீட்டில் எல்லாப் பெண்களும் அம்மாவுக்கு ஆறுதல் சொன்னார்கள், என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். சுருட்டை வெட்டவே இல்லையே என்று ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. அப்பா வேறு கம்பெனியில் மறுபடி காண்ட்ராக்ட்டில் சேர்ந்தார், கடைசிவரை காண்ட்ராக்ட்டிலேயே இருந்தார். காசுக்கு முடை வரும்போதெல்லாம் அம்மா அந்தச் சுருட்டைப் பற்றிப் பேசுவாள். முனியப்பன் என் மேல்தான் கோபமாக இருக்கிறார் என்று நானும் முழுசாக நம்பினேன்.

என் கல்யாணத்துக்கு அப்புறம் ஒரு விருந்தில், மோர் ஊற்றிக்கொண்டே மாமா போகிறபோக்கில் சொன்னார்: "ஒங்கப்பாவுக்கு வெள்ளிக்கிழமையே சூப்பர்வைசர் கூப்பிட்டுச் சொல்லிட்டாரும்மா, பேரு இல்ல, காண்ட்ராக்ட்டும் முடிஞ்சுதுன்னு. எங்கிட்ட மட்டும் சொல்லி அழுதாரு."

அப்படியென்றால் வேலை போனது தெரிந்தேதான் சனிக்கிழமை ஸ்கேலை வைத்துக்கொண்டு இரண்டு மில்லிமீட்டருக்கு வாதாடியிருக்கிறார். அம்மாவிடம் சொல்ல வாய் வரவில்லை. அதற்குள் நான் கையைத் தூக்கிவிட்டேன். அவருக்கு அது வசதியாகப் போயிற்று. அந்தப் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் ஒன்றை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து கல்யாணமாகிப் போகும்வரை, சாமிக்கு மல்லிகை தொடுக்க உட்கார்ந்தால் நான் மூச்சை அடக்கிக்கொண்டுதான் தொடுத்தேன். முடியாதபோது எழுந்து வாசலுக்குப் போய் மூச்சு விட்டுவிட்டு வருவேன். அப்பா எதிரே உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.