இரண்டாம் பாகத்துக்கு நான் நடுவர்

எண்பதுகளின் நடுவில் எங்கள் வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களில் கோயில் திருவிழா என்றால் சொற்போர் இல்லாமல் முடியாது. அந்த மேடைகளில் நான் தோற்றதே இல்லை என்று சொன்னால் மிகையாகும். தோற்றபோதும் கைதட்டல் எனக்கே அதிகம் என்று சொன்னால் மிகையாகாது. தலைப்பின் எந்தப் பக்கத்தைக் கொடுத்தாலும் பேசுவேன். ஆனால் எந்தப் பக்கம் சரி என்று என்னை எவரும் கேட்டதில்லை. முதன்முதலில் கேட்டவர் கோலசிலாங்கூர் பட்டணத்தில் உணவுக்கடை வைத்திருந்த பாய்.

அவர் கடையின் பின்மூலையில் ஒரு வீடியோ கேம் மிசின் இருந்தது. போர் விளையாட்டு. சிவப்புச் சட்டைச் சிப்பாய் ஒருவன், நீலச் சட்டைச் சிப்பாய் ஒருவன். இருவர் தோளோடு தோள் நின்று ஆட வேண்டும். ஒருவன் விழுந்தால், அவன் எழுந்து வரும்வரை மற்றவன் தனியாகத் தாக்குப்பிடிக்க வேண்டும். பந்து விளையாடி முடித்த இளைஞர்கள் எங்கள் தோட்டத்திலிருந்தும் பக்கத்துத் தோட்டமான புக்கிட் பெலிம்பிங்கிலிருந்தும் சைக்கிளில் இரண்டிரண்டு பேராக வருவார்கள். இருவர் ஆடும்போது மற்றவர்கள் மேசையில் அமர்ந்து தேநீரும் ரொட்டியும் கேட்பார்கள். பாயின் மாலை வியாபாரம் என்பது அந்த மேசைகள்தான்.

பேருந்து நிலையத்தருகே புதிதாக ஒரு கடை திறந்திருந்தார்கள். வண்ண விளக்குகள், பெரிய காற்றாடிகள், கேம் மிசின்களும் வரப்போகின்றன என்ற பேச்சு. பாய்க்குத் தூக்கம் போயிற்று. அந்த நேரத்தில்தான் மிசின்களை வாடகைக்கு விடுபவர் அவரிடம் அந்தப் போர் விளையாட்டின் இரண்டாம் பாகத்தைப் பற்றிச் சொன்னார். பெரும் செலவில் செய்தது, கோலாலம்பூரில் வரிசையில் நிற்கிறார்கள், முந்திக்கொண்டால் உங்களுக்கு, இல்லாவிட்டால் பேருந்து நிலையத்துக்காரருக்கு. ஆனால் மூலையில் ஒரு மிசினுக்குத்தான் இடம். சனிக்கிழமை லோரி வரும். புதியது இறங்கினால் பழையது ஏறிவிடும்.

"சாயங்கால யாவாரம் போச்சுன்னா கடையே போச்சு தம்பி. நீ ஆடிப் பாத்துச் சொல்லு. எடுக்கவா, வேண்டாமா?" என்றார் பாய்.

"பசங்களையே கேக்கலாமே, பாய்."

"அதுங்களா? புதுசுன்னா பழைய சட்டியக்கூட வேணும்பானுங்க. எனக்கு அந்தப் பொட்டியில எவன் நம்ம ஆளு, எவன் எதிரின்னே வெளங்கல. நீ மேடையில நல்லது கெட்டது பிரிச்சுப் பேசுற புள்ளன்னு ஊரே சொல்லுதுலா."

ஊர் சொன்னது தவறு. பேச்சாளன் வேறு, நடுவர் வேறு. பேச்சாளனுக்குக் கொடுத்த பக்கம்தான் உண்மை. நடுவருக்கு அந்த வசதி இல்லை. இதை அவரிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் ஊரே சொல்கிறது என்ற சொல்லில் நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. சரி என்றேன். அன்று முதல் சனிக்கிழமைவரை எனக்குச் சோறு சரியாக இறங்கவில்லை. குளிக்கும்போதும், தோட்டச் சாலையில் சைக்கிள் மிதிக்கும்போதும், இரண்டு பக்கத்துக்கும் வாதங்கள் தாமாகவே வந்து வரிசையில் நின்றன. எல்லாமே நன்றாக இருந்தன. அதுதான் பயமாக இருந்தது.

சனிக்கிழமை பிற்பகல் லோரி வந்தது. கூடவே, மேடைகளில் எப்போதும் என் அணியில் பேசும் நண்பனும் வந்தான். பழைய மிசினில் நீலச் சிப்பாய் அவன்தான். கடை நிறையத் தோட்டத்துப் பையன்கள். செய்தி பரவியிருந்தது.

இறக்கி வைத்த மிசின் துணி அலமாரி உயரம் இருந்தது. முன்பக்கத்தில் நிஜத் துப்பாக்கியின் பருமனில் ஒரு துப்பாக்கியைப் பொருத்தியிருந்தார்கள். விசையை அழுத்தியதும் அது கைக்குள் குதித்தது; அதிர்ச்சி முழங்கைவரை ஏறியது. முதல் பாகத்தில் காடு என்பது அசையாத பச்சைப் பட்டை. இதில் இலைகள் விலகின, ஆறு ஓடியது, ஹெலிகாப்டர் தாழ்ந்து வரும்போது நீரில் அதன் நிழல் விழுந்தது. பாலத்தைத் தகர்த்தபோது கடையே கூச்சலிட்டது. நான் என்னை மறந்தேன். தெளிந்து திரும்பியபோது நண்பன் எனக்குப் பின்னால் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தான்.

"என் எடம் எங்கடா?" என்று கேட்டான்.

தேடினேன். இல்லை. துப்பாக்கி ஒன்று, சிப்பாய் ஒருவன். எந்த நாட்டுக் காடு, யாரோடு போர், எதற்காக என்று இரண்டாம் பாகம் சொல்லவில்லை. முதல் பாகமும் சொன்னதில்லைதான். ஆனால் அங்கே எனக்குப் பக்கத்தில் ஒருவன் இருந்தான். அவனைச் சாகவிடக் கூடாது என்பதே சண்டை போடப் போதிய காரணமாக இருந்தது. இங்கே அவனை நீக்கிவிட்டு ஹெலிகாப்டர் வாங்கியிருந்தார்கள். மேசைகளைப் பார்த்தேன். ஒருவரும் உட்கார்ந்திருக்கவில்லை. அத்தனை பேரும் மிசினைச் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். நிற்பவன் தே கேட்பதில்லை.

தீர்ப்பு கிடைத்துவிட்டது. விளையாட்டு சிறந்தது, இந்தக் கடைக்கு ஆகாது.

எங்கள் தோட்ட மேடைகளில் நடுவருக்கு ஒரு முறை உண்டு. தோற்கப்போகும் அணியை முதலில் வாயாரப் புகழ வேண்டும். புகழ்ந்து, மாலையிட்டதுபோல் நிறுத்தி, பிறகு 'ஆனால்' என்று திரும்ப வேண்டும். லய வீடுகளில் வளரும் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக்கூட இது தெரியும். நடுவர் நம்மைப் புகழத் தொடங்கினால் கதை முடிந்தது. நான் அந்த முறைப்படியே தொண்டையைச் செருமினேன்.

"பெரியோர்களே! போர்க்களத்தையே பெட்டிக்குள் அடைத்த இந்தக் கைவண்ணத்தை என்னென்று புகழ்வேன்!"

"போச்சுடா, புதுசு அவுட்டு!" என்றான் ஒருவன். சிரிப்பு எழுந்தது.

"இலையின் அசைவைப் பாருங்கள்! நீரின் ஓட்டத்தைப் பாருங்கள்!"

பாயின் முகம் மலர்ந்தது. திருவிழாக் காலத்தில்தான் கடையில் கூட்டம் அதிகம் என்பதால் அவர் ஒரு சொற்போருக்கும் வந்ததில்லை என்பதை நான் நினைக்கவில்லை. அவர் லோரிக்காரரைப் பார்த்துக் கையசைத்தார்.

"அங்காட்! பழசத் தூக்கு!"

லோரிக்காரரும் உதவியாளும் பழைய மிசினைச் சாய்த்து உருட்டத் தொடங்கினார்கள். எனக்கு வியர்த்தது. இன்னும் ஒரு புகழுரை பாக்கி இருந்தது. அதை விட்டுவிட்டுத் திரும்ப நாக்கு மறுத்தது. பழகிய வாய் அப்படி. மிசின் கல்லாவைத் தாண்டிக்கொண்டிருந்தது.

நண்பன் விலாவில் குத்தினான். "டேய், 'ஆனால்' சொல்லுடா! மிசின் வாசலுக்குப் போயிருச்சு!"

"இத்துணைச் சிறப்பும் ஒருங்கே அமைந்த..." என்று மூச்சு வாங்காமல் ஓடினேன். வாசலில் சக்கரம் தடுக்கும் சத்தம். லோரியின் பலகையில் ஏறும் சத்தம். "ஆனால்!" என்று கத்தினேன்.

பாய் திரும்பினார். "என்ன ஆனா?"

"இது... இருவர் என்னும் உறவை..."

"தம்பி! வேணுமா வேணாமா? ஒரே வார்த்த!"

கடை அமைதியானது. எத்தனையோ மேடைகளில் அந்த அமைதிக்காக நான் ஏங்கியிருக்கிறேன். இப்போது ஓடிப்போகத் தோன்றியது. நான் சொல்வது தவறென்றால் அந்த மனிதரின் மாலைகள் போய்விடும். என்னை மறுத்துத் திருத்த எதிரணி என்று ஒன்று இல்லை.

"வேண்டாம், பாய்."

"ஏன்?"

"ஒருத்தன்தான் ஆட முடியும். மத்தவன் நிப்பான். உக்கார மாட்டான்."

அவர் காலி மேசைகளைப் பார்த்தார். பிறகு வாசலுக்குப் போனார்.

"பாஸ், ஒண்ணு ஏத்தியாச்சு, ஒண்ணு எறக்கியாச்சு. வேல முடிஞ்சிருச்சு, சூடா ஹபிஸ் லா!" என்றார் லோரிக்காரர்.

"ஏத்தச் சொன்னதும் என் வாய்தான், எறக்கச் சொல்றதும் என் வாய்தான். எறக்கு."

லோரிக்காரர் எல்லாரும் கேட்கும்படி முணுமுணுத்துக்கொண்டே பழையதை இறக்கி வைத்துவிட்டுப் புதியதை ஏற்றிக்கொண்டு போனார். நேரே பேருந்து நிலையத்துக்கு.

அடுத்து வந்த மாலைகளை என்னால் மறக்க முடியாது. நான் பாயின் கடைக்கு எதிரே சைக்கிளை நிறுத்தி, சங்கிலி கழன்றதுபோல் பாவனை செய்துகொண்டு உள்ளே பார்ப்பேன். மேசைகள் வெறுமையாகக் கிடந்தன. பேருந்து நிலையப் பக்கமிருந்து பாலம் தகரும் ஓசை கேட்டது, ஒவ்வொரு முறையும் அது என் தலையிலேயே விழுந்தது. பாய் கல்லாவில் உட்கார்ந்து துணியால் ஒரே இடத்தைத் துடைத்துக்கொண்டிருப்பார். ஒருநாள் என்னைப் பார்த்துவிட்டார். மறுபடி துடைக்கக் குனிந்தார். திட்டியிருந்தால் பதில் சொல்லத் தெரிந்திருக்கும்.

பிறகு ஒரு மாலை, நண்பனும் நானும் தைரியம் கூட்டி உள்ளே போய் அமர்ந்திருந்தபோது, புக்கிட் பெலிம்பிங் பையன்கள் நால்வர் சைக்கிளைச் சாய்த்துவிட்டு வந்தார்கள்.

"அங்க போனா இவன் ஆடுறான், நாங்க இவன் முதுகப் பாத்துக்கிட்டே நிக்கிறோம்," என்றான் ஒருவன்.

"உன் ஆட்டத்துக்கு முதுகப் பாக்குறதே மேல்லா," என்றான் இன்னொருவன்.

இருவர் மூலைக்குப் போனார்கள். இருவர் அமர்ந்தார்கள். மற்றவர்கள் வருவார்களா என்று எனக்கு அப்போதும் தெரியவில்லை, வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாய் சமையலறைப் பக்கம் திரும்பி, தேவைக்கு அதிகமான குரலில், "நாலு தே!" என்றார். எங்கள் மேசையைக் கடக்கும்போது குனிந்தார்.

"இனிமே 'வேண்டாம்'ங்கறத மொதல்ல சொல்லிப்புடு, தம்பி. பெறகு நீ விடிய விடியப் புகழு. லோரி போயிருக்கும்."