ஓய்வு நாளில் காசி மாமா சாப்பிடவில்லை

கயலு, செல்வா... "மலையில லீவு நாளு எப்படிப்பா இருந்துச்சு?" என்று போனில் கேட்டீர்கள். பதில் சொல்வதற்குள் டவர் போய்விட்டது. அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன். வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கிற மற்ற பிள்ளைகளும் சேர்ந்து கேளுங்கள்.

உங்கள் அம்மாவின் தம்பி காசி மாமாவும் நானும் இமயமலையில் நடக்கப் போனோம் இல்லையா? சில நாள் ஏறிய பிறகு ஒரு நாள் முழுக்க ஓய்வு. உயரத்துக்கு உடம்பு பழக வேண்டுமாம். அடுத்த நாள் பனி மூடிய கணவாயைக் கடக்க வேண்டும். எங்கள் வழிகாட்டி தினேஷ், அந்த மலைக்காரர், அப்படித்தான் திட்டம் போட்டிருந்தார்.

காலையில் கூடாரத்தின் ஜிப்பைத் திறக்கிறேன்... எதிரே ஒரு வெள்ளை மலை! முந்தின நாள் மேகம் மூடியிருந்ததால் அப்படி ஒன்று அங்கே இருப்பதே எங்களுக்குத் தெரியாது. காரைக்குடியில் அண்ணாந்து பார்த்தால் நமக்குத் தெரிவது செல்போன் டவர்தானே? வாயை மூட மறந்து நின்றேன்.

பக்கத்திலேயே ஓடை. கையை விட்டால் விரல் எல்லாம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும் — அவ்வளவு குளிர்! சாக்ஸைத் துவைத்துப் பாறையில் காயப்போட்டேன். எங்கிருந்தோ ஓர் ஆட்டு மந்தை வந்து, மோந்து பார்த்து, வேண்டாம் என்று போய்விட்டது.

காலைச் சாப்பாடு பூரி. சுடச்சுட. நானும் வெளுத்துக்கட்டினேன். அப்போதுதான் கவனித்தேன்... மாமா சாப்பிடவில்லை.

காசி மாமா சாப்பிடவில்லை! கல்யாண வீட்டில் அடுத்த பந்திக்காரர்கள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றாலும் அசையாமல் மோர் கேட்கிற ஆள் அவர். தனியே கூட்டிப்போய் விசாரித்தேன். முதலில் பிடிகொடுக்கவில்லை. பிறகு மெல்லச் சொன்னார் — ராத்திரியிலிருந்து தலை விண்விண் என்று தெறிக்கிறதாம். வயிற்றைப் புரட்டுகிறதாம்.

"அந்தாளுட்டச் சொல்லிப்புடாதீக மச்சான். தெரிஞ்சா கீழ அனுப்பிருவாரு. தொணைக்குன்னு ஒங்களையும்ல அனுப்புவாரு."

மாமா ஏன் மறைத்தார்? அவர் வருஷா வருஷம் பழநிக்குப் பாதயாத்திரை போகிறவர். குன்றக்குடி தாண்டுவதற்குள் காலில் கொப்புளம் வந்துவிடும். ஆனால் அவர்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம் — வலிக்கிறது என்று யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். ஒருவர் சொன்னால் பின்னால் வருகிறவரின் காலும் துவண்டுவிடும் என்பார்கள். அரோகரா சொல்லி அதை விழுங்கிவிட்டு நடப்பார்கள்.

நல்ல வழக்கம்தான்... நம் ஊர்த் தார் ரோட்டில். இந்த உயரத்தில் தலைவலியை மறைத்துக்கொண்டு மேலே ஏறினால் உயிருக்கே ஆபத்து என்று தினேஷ் முதல் நாளே படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

என் நிலைமையை நினைத்துப் பாருங்கள். தினமும் கடை சாத்திய பிறகு கோவிலூர் வரை நடந்து நடந்து பழகியது இந்தக் கணவாய்க்காகத்தானே? வாயைத் திறந்தால் இரண்டு பேருக்கும் பயணம் முடிந்தது. திறக்காவிட்டால்...?

போய்ச் சொல்லிவிட்டேன்.

மாமாவுக்கு வந்ததே கோபம்! "எங்கக்காவக் கட்டிக்குடுக்கையிலயே எங்கய்யா சொன்னாரு, மாப்பிள்ளை வாயில எதுவும் நிக்காதுன்னு."

"சொல்லிட்டும் பொண்ணக் குடுத்தாருல்ல? பேசாம வா மாப்ளே."

தினேஷ் கோபப்படவில்லை. மாமாவின் விரலில் கிளிப்பை மாட்டிப் பார்த்தார். கொரோனா நேரத்தில் நம் வீட்டிலும் இருந்ததே, ஆக்சிஜன் பார்க்கிற கிளிப் — அதேதான். இதைக் கண்டுபிடிக்கத்தான் ஓய்வு நாளே என்றார். ஒரு மாத்திரை கொடுத்தார். சூப் குடிக்கச் சொன்னார். சமதரையில் மெதுவாக உலாத்தலாம், ஏறவே கூடாது. மாலைக்குள் சரியானால் பார்க்கலாம், இல்லையென்றால் இருவரும் கீழே!

எங்கள் குழுவில் வந்த மற்றவர்கள் உயரம் பழகுவதற்காக ஒரு மேடு வரை ஏறிவிட்டு வரப் போனார்கள். நாங்கள்? புல்வெளியில் நத்தை மாதிரி நடந்தோம். மாமா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டே வந்தார். திடீரென்று இடி இடித்த மாதிரி ஒரு சத்தம்... எதிர் மலையில் பனி உடைந்து, புகையாகக் கிளம்பிச் சரிகிறது! எங்களுக்கு வெகு தூரத்தில்தான். ஆனாலும் உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது.

"பாத்தீகளா மச்சான்?" என்று என் கையைப் பிடித்தார் மாமா. கோபம் போன இடம் தெரியவில்லை.

மாலையில் மறுபடியும் கிளிப். விரலை நீட்டியது மாமா. மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது நான். காலையில் குறைந்திருந்த எண் இப்போது ஏறியிருந்தது. ஆனாலும் தலை எப்படி இருக்கிறது என்று தினேஷ் கேட்டார். மறுபடியும் மறைத்துவிடுவாரோ?

"வலி போயிருச்சு. பசிக்குது" என்றார் மாமா.

வெறும் பேச்சை தினேஷ் நம்பவில்லை. மாமா சப்பாத்தியை அடுக்கடுக்காக உள்ளே தள்ளுவதைப் பார்த்த பிறகுதான் கட்டை விரலை உயர்த்தினார். நாளைக்குக் கணவாய்! நாங்கள் இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டு குதிக்கப் போனோம். குதிக்கவும் கூடாது என்று அதட்டினார்.

பிள்ளைகளா, கிரவுண்டில் அடிபட்டாலோ, வகுப்பில் தலை சுற்றினாலோ பல்லைக் கடித்துக்கொண்டு இருக்காதீர்கள். சொல்லிவிடுங்கள். நண்பன் மறைத்தால் அவனுக்காக நீங்கள் சொல்லுங்கள். கோபித்துக்கொள்வானே என்கிறீர்களா? கோபிக்கட்டும்... பசிக்கும் வரைதான்.

மாமா அடுத்த சப்பாத்திக்குக் காத்திருந்தபோது நான் மட்டும் வெளியே போனேன். அவருடைய ஷூ இரண்டும் ஈரத்தோடு கிடந்தன. அப்படியே விட்டால் விடிவதற்குள் கல்லாக உறைந்துவிடும். நாடாவைத் தளர்த்தி, உள்ளே காகிதம் திணித்து, கூடாரத்துக்குள் என் தலைமாட்டில் கொண்டுவந்து வைத்தேன்.

நாற்றம் தாங்கவில்லை. ஆனாலும் தள்ளி வைக்கவில்லை.