பானெட்டின் வலது பாதி

ராஜபாளையத்தில் நாங்களும் ஸ்ரீவில்லிபுத்தூரில் என் தங்கை வீட்டாரும் சேர்ந்து ஒரு கார் வைத்திருந்தோம். தொண்ணூறுகளின் முதல் பாதி அது. தனித்தனியாக வாங்கும் வசதி இரண்டு வீட்டுக்கும் இல்லை. தினமும் கார் ஏறும் தேவையும் இல்லை. ஆகவே ஒரு வாரம் எங்களுக்கு, ஒரு வாரம் அவர்களுக்கு. ஞாயிற்றுக்கிழமை காலையில் கார் கைமாறும். முறை முடிந்தவர்கள் மற்றவர் வீட்டுக்குக் குடும்பத்தோடு ஓட்டிப் போய், மதியம் அங்கேயே சாப்பிட்டுவிட்டு, பஸ்ஸில் திரும்புவோம். அதற்கு முன்பெல்லாம் பக்கத்து ஊரில் இருக்கும் தங்கையைத் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பார்த்தால் உண்டு. வாரம் தவறாமல் பார்க்க வைத்தது அந்தக் கார்தான்.

வாங்கும்போதே அது பழைய வண்டி. மூன்றாம் வருடம் செட்டியார்பட்டி போகும் சாலையில் ஒரு பட்டறையில் விட்டு, கருநீலத்தில் புதுப் பெயின்ட் அடித்தோம். வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது பெயின்டர் இரண்டு விஷயம் சொன்னார். ஒரு மாதத்துக்கு எந்த பாலிஷும் தொடக்கூடாது. பெயின்ட் காய வேண்டும். இரண்டாவது, “சந்தனம், மஞ்சள்னு பானெட்டுல அப்பிறாதீக சார். கறை புடிச்சுட்டு எங்கிட்ட வந்து நிக்கப்படாது.” இரண்டையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். அன்றே என் மனைவியிடமும் சொன்னேன். பொங்கலுக்கு அவள் வைத்த சந்தனப் பொட்டு பழைய பெயின்டில் வட்டமாகத் தங்கியிருந்ததையும் சொல்லிக் காட்டினேன். கொஞ்சம் சத்தமாகத்தான் சொன்னேன்.

மாதம் முடிந்ததும், புதுப் பெயின்டின் பளபளப்பு போகாமல் காக்க மேலே பூசுவது வாக்ஸா, சீலன்ட்டா என்ற கேள்வி வந்தது. நான் வாக்ஸ் கட்சி. வட்ட டப்பாவில் மஞ்சளாக, கெட்டியாக, திறந்தால் மெழுகு வாசனை வரும் பொருள். எதனால் செய்தது என்று மூக்குக்கே தெரியும். எங்கள் வெயிலுக்கு இரண்டு மாதத்தில் போய்விடும், மறுபடி போட வேண்டும் என்பதும் தெரியும். தெரிந்த குறை எனக்குப் பயமில்லை.

தங்கையின் கணவர் ஸ்ரீவில்லிபுத்தூரில் வீட்டின் முன்பக்கத்திலேயே மருந்துக்கடை வைத்திருந்தார். அவருடைய வாடிக்கையாளர் ஒருவர் வளைகுடாவிலிருந்து வரும்போது கொண்டுவந்தது என்று ஒரு பிளாஸ்டிக் பாட்டிலைக் கொண்டுவந்து வைத்தார். பால் போன்ற திரவம். சீலன்ட் என்று போட்டிருந்தது.

“ஒரு தடவ போட்டாப் போதும் மச்சான். அஞ்சாறு மாசம் வண்டியத் திரும்பிப் பாக்க வேண்டாம்.”

“மூடி ஏற்கெனவே திறந்திருக்கே, மாப்பிள்ள?”

“அவரு வண்டிக்குப் போட்டுட்டு மிச்சம் குடுத்தாரு. வெசமா வச்சிருக்கு உள்ள?”

“உள்ள இருக்கது அதுதான்னு யாருக்குத் தெரியும்?”

“மருந்துக்கடைக்காரன் கையில இருக்க பாட்டிலயே நம்பாட்டி, நீங்க காய்ச்சலுக்கு என்னதான் பண்ணுவீக?”

தங்கை சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. பஞ்சாலை ஸ்டோர் என் பொறுப்பில் இருந்தது. உறை பிரிந்து வரும் பொருளைத் திருப்பி அனுப்புவதே அங்கே வழக்கம். கடைசியில் பரீட்சை வைத்துப் பார்ப்பது என்று முடிவாயிற்று. பானெட்டின் நடுவே நூல் பிடித்து, ஓட்டுநர் இருக்கையிலிருந்து பார்க்க இடது பாதிக்கு வாக்ஸ், வலது பாதிக்கு சீலன்ட் போட்டோம். மிச்ச சீலன்ட் பாட்டில் அவர்கள் வீட்டு அலமாரியில் இருக்கட்டும் என்றார். சரி என்றேன். ஆனால் அவர் கை கழுவப் போன நேரத்தில் திரவம் நின்ற மட்டத்தில் லேபிள் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வைத்தேன்.

கார் எங்களிடம் இருக்கும் வாரத்தின் சனிக்கிழமை மாலை, மில்லிலிருந்து வந்ததும், பானெட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் தெளித்துப் பார்ப்பேன். பூச்சு நன்றாக இருந்தால் தண்ணீர் முத்து முத்தாகத் திரண்டு நிற்கும். போய்விட்டால் சப்பையாகப் படரும். பார்த்ததை அப்படியே எழுதுவேன். முதலில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. மூன்றாம் மாதம் இடது பக்கம் படர ஆரம்பித்தது. அது எதிர்பார்த்ததுதான். வலது பக்கம்தான் என்னைத் தொந்தரவு செய்தது. ஆறாம் மாதம் முடிந்து ஏழாம் மாதம் பாதி போன பிறகும் நேற்றுப் போட்டது போல முத்துகள் உருண்டன. பாட்டிலே அவ்வளவு காலம் வாக்குக் கொடுக்கவில்லை.

இன்னொன்றும் கவனித்தேன். எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி மில். காற்றில் வரும் பஞ்சுத் தூசி எல்லாவற்றின் மேலும் படியும். பானெட்டின் வலது பாதியில் மட்டும் அது ஒட்டிக்கொண்டு நின்றது, ஊதினால் போகவில்லை. புதிதாகப் போட்ட பூச்சு இன்னும் இறுகவில்லை என்று பொருள் கொண்டேன். யார் போட்டிருப்பார்கள்? எங்கள் வீட்டில் சீலன்ட் இல்லை. கார் ஒரு வாரம் எங்கே இருக்கிறது, பாட்டில் எங்கே இருக்கிறது என்று இரண்டையும் சேர்த்துப் பார்த்தேன்.

அடுத்த ஞாயிறு காரை விடப் போனபோது, தங்கை அடுப்படியில் இருந்த சமயம் பார்த்து அலமாரியைத் திறந்தேன். திரவம் என் பென்சில் கோட்டுக்கு இரண்டு விரல் கீழே நின்றது.

சாப்பிட்டு முடிக்கும்வரை பொறுத்திருக்கலாம். பொறுக்கவில்லை. இலை போட்ட கையோடு கேட்டுவிட்டேன்.

“மாப்பிள்ள, பரீட்சைன்னு ஒத்துக்கிட்டா அது பரீட்சையா இருக்கணும். உங்க பக்கம் மட்டும் உங்க வாரத்துல எல்லாம் பூசிக்கிட்டிருந்தா எப்படி?”

அவருக்கு முதலில் புரியவில்லை. நான் நோட்டை எடுத்து வாசித்தேன். பஞ்சுத் தூசி, முத்து, பென்சில் கோடு எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். பென்சில் கோடு என்றதும் அவர் முகம் மாறியது.

“எங்க வீட்டுப் பாட்டில்ல கோடு போட்டு வச்சீகளா?”

“அண்ணே, அந்தப் பாட்டிலு...” என்று தங்கை ஏதோ சொல்ல வந்தாள்.

“நீ செத்த நேரம் சும்மா இரு” என்றார் அவர். எழுந்து கை கழுவினார். நான் வந்ததும் மேஜை மேல் வைத்திருந்த கார்ச் சாவியை எடுத்து என் இலைக்குப் பக்கத்தில் வைத்தார். “உங்க வண்டிய நீங்களே வச்சுக்கோங்க மச்சான். கோடு போட்டுக் குடுக்குற வண்டி எங்களுக்கு வேண்டாம்.”

அன்று நாங்கள் பஸ்ஸில் திரும்பவில்லை, காரிலேயே திரும்பினோம்.

மறு ஞாயிறு அவர்கள் வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. மருந்துக்கடைக்குப் போன் செய்தேன். தங்கைதான் எடுத்தாள். “அவிய வரமாட்டேங்காக, அண்ணே. நான் மட்டும் எப்படி வர?” என்று வைத்துவிட்டாள். நான் சொன்னதில் தப்பு இருப்பதாக எனக்கு அப்போதும் தோன்றவில்லை. பிடிபட்டவனுக்குக் கோபம் வருவது இயல்பு என்றே எடுத்துக்கொண்டேன்.

மூன்றாவது சனிக்கிழமை மாலை பழக்க தோஷத்தில் பானெட்டில் தண்ணீர் தெளித்தேன். இடது பக்கம் படர்ந்தது. வலது பக்கம் முத்து முத்தாக உருண்டது. தேதி போட்டு, வழக்கம்போல எழுதத் தொடங்கி, பாதி வரியில் பேனாவை நிறுத்தினேன். கார் மூன்று வாரமாக எங்கள் கொட்டகையில்தான் நின்றது, ஊர் தாண்டவில்லை. மாப்பிள்ளை அதைத் தொடவில்லை. பாட்டில் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்தது.

வலது பாதியை விரலால் தடவி முகர்ந்து பார்த்தேன். தேங்காய் எண்ணெய்.

எங்கள் கொட்டகை குறுகலானது. இறங்குவதற்கு ஓட்டுநர் பக்கம் இடம் வேண்டும் என்று வண்டியின் இடது பக்கத்தைச் சுவரோடு ஒட்டி நிறுத்துவேன். நின்று கை நீட்டினால் எட்டுவது பானெட்டின் வலது பாதி மட்டும்தான். மனைவியைக் கூப்பிட்டேன். அவள் கொட்டகை வாசலிலேயே நின்றாள்.

“பானெட்டுல எண்ணெய் எப்படி வந்துச்சு?”

“நாந்தான் தொடச்சேன்.”

“எதுக்கு?”

“பொறவு சந்தனம் எப்படிப் போகும்? வெறுந் தண்ணிக்குப் போக மாட்டேங்குது.”

“சந்தனம் வைக்கக் கூடாதுன்னு சொன்னேன்ல?”

“வண்டி நம்ம வீட்டுல நிக்கிற வெள்ளிக்கெழம பொட்டு இல்லாம விட முடியுமாங்க? புள்ளைகளும் நீங்களும் ஏறிப் போற வண்டி. காலைல வைப்பேன். நீங்க மில்லுல இருந்து வாரதுக்குள்ள அந்தப் பக்கம் பூரா எண்ணெ போட்டுத் தொடச்சுருவேன். கறை இருக்கான்னு நீங்களே பாருங்க. இருக்கா?”

கறை இல்லைதான். சுத்தமாக இருந்தது. பெயின்டரின் சொல்லையும் காப்பாற்றி, வெள்ளிக்கிழமையையும் காப்பாற்றியிருந்தாள். ஏழு மாதமாக நான் சீலன்ட் என்று எழுதி வந்தது அவள் துணியில் இருந்த இரண்டு சொட்டு எண்ணெய். பஞ்சு ஒட்டியதும் அதனால்தான். வாக்ஸ் பெரிதா சீலன்ட் பெரிதா என்பதற்கு அந்த நோட்டில் பதிலே இல்லை.

“அன்னிக்கு அங்கயே சொல்லியிருக்கலாம்ல?”

“பூசுனாகன்னு தானே சொன்னீக. நான் பூசலையே, தொடச்சேன். எனக்கு எப்படித் தெரியும்?”

மறுநாள் ஞாயிறு. எல்லோரும் காரில் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனோம். மாப்பிள்ளை ஞாயிற்றுக்கிழமையிலும் கடையைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தார். மருந்து வாங்க வந்தவர் போகும்வரை ஓரமாக நின்று, பிறகு உள்ளது உள்ளபடி சொன்னேன். சந்தனம், எண்ணெய், கொட்டகைச் சுவர் எல்லாம் சொன்னேன். தப்பு என்னுடையது என்றும் சொன்னேன். அவர் கையிலிருந்த மாத்திரை அட்டையைக் கல்லாவுக்குப் பின்னால் அதன் பெட்டியில் போட்டார்.

“அப்ப நம்ம அக்காதான் ஜெயிச்சிருக்காக” என்றார், என் மனைவியைப் பார்த்து. “வளைகுடாவுக்கு ஆள் அனுப்பியிருக்கவே வேண்டாம். எண்ணெய்ச் செட்டியார் கடைக்குப் போயிருக்கலாம்.”

தங்கை மட்டும் சிரிக்கவில்லை. “பாட்டிலு கொறஞ்சதுக்கும் காரணம் கேட்டுட்டுப் போங்க, அண்ணே. எங்க இரும்பு பீரோவுக்குப் போட்டேன். அன்னிக்கே சொல்ல வந்தேன். ரெண்டு பேரும் விட்டாத்தானே.” பிறகு உள்ளே போய்விட்டாள். என் மனைவி அவள் பின்னால் போனாள்.

சாவியை நீட்டினேன். மாப்பிள்ளை உடனே வாங்கவில்லை.

“வாங்கிக்கிறேன் மச்சான். ஆனா ஒண்ணு. இனிமே வண்டி கை மாறும்போது நீங்க சுத்தி வந்து பாக்கப்படாது. தண்ணி தெளிக்கப்படாது. எங்க வாரத்துல நடக்கது எங்களோட.”

“பூச்சு?”

“பூச்சு உங்க இஷ்டம். வாக்ஸே போடுங்க.”

அப்படியே ஆயிற்று. அடுத்து எங்கள் முறை வந்தபோது சோப்புத் தண்ணீரில் எண்ணெயை எடுத்து வண்டி முழுவதற்கும் வாக்ஸ் போட்டேன். வெள்ளிக்கிழமைப் பொட்டு பானெட்டிலிருந்து முன் கண்ணாடியின் ஓரத்துக்கு மாறியது. கண்ணாடியில் கறை பிடிக்காது, மனைவியும் ஒப்புக்கொண்டாள்.

அதற்கு முன், சாவி வாங்கிய அந்த வாரம் முடிந்து மறு ஞாயிறு அவர்கள் வந்தார்கள். தங்கை இறங்கி நேராக அடுப்படிக்குப் போய், “மதினி, என்ன கொழம்பு?” என்றாள். நான் வாசலில் நின்றேன். வலது பக்கப் பின் கதவில் ஒரு விரல் நீளத்துக்குக் கீறல். கருநீலம் போய் அடியில் இருந்த வெள்ளை தெரிந்தது. நான் பார்த்ததை மாப்பிள்ளையும் பார்த்தார்.

“வெயிலா இருக்கு, உள்ள வாங்க” என்றேன்.

“ஆட்டோக்காரன் ஒரசிட்டான், மச்சான்” என்றார் அவராகவே.

ஆட்டோ உரசியிருந்தால் கீறல் இன்னும் மேலே இருந்திருக்கும். அந்த உயரத்தில் இருப்பது அவர்கள் வீட்டு வாசல் கல்தான். அன்றைக்கும் அப்படித்தான் நினைத்தேன், இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். “அவனுக எங்க பாத்து ஓட்டுறானுக” என்று சொல்லிவிட்டு அவருக்கு முன்னால் உள்ளே நடந்தேன்.