தங்கை கேட்ட எஞ்சின்

கடல் எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்டால் கிழக்கே கை காட்டுவேன். அதற்கு மேல் எனக்குக் கடலைப் பற்றி எதுவும் தெரியாது. நான் காஞ்சிபுரத்துக்காரன். மோட்டார் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறேன். போர்வெல் மோட்டார், சாயப்பட்டறை பம்பு, வீட்டு கிரைண்டர், கோயில் மடப்பள்ளிக்குத் தண்ணீர் ஏற்றுகிற மோட்டார் என்று கருகிப்போன எல்லாமே என் மேஜைக்கு வரும். இந்த ஒரு தகுதியை வைத்துக்கொண்டு ஒரு மீன்பிடிப் படகுக்கு எஞ்சின் தேர்ந்தெடுத்துக் கொடுத்தவன் நான். சரியாகச் செய்தேனா, தப்பாகச் செய்தேனா என்ற குழப்பம் இன்று வரைக்கும் தீரவில்லை.

கேட்டவள் என் தங்கை. செவிலிமேட்டிலிருந்து கம்பெனி பஸ் ஏறித் தொழிற்சாலை வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவள். அங்கே அவள் பக்கத்தில் நின்று வேலை பார்த்த மீனவர் வீட்டுப் பிள்ளையைக் கல்யாணம் செய்துகொண்டாள். கான்ட்ராக்ட் முடிந்தது, இனி வர வேண்டாம் என்று கம்பெனி சொன்னதும் மாப்பிள்ளை தன் ஊருக்கே திரும்பிக் கடலுக்குப் போக ஆரம்பித்தார். இவளும் கூடப் போனாள். பாலாற்று மணலைத் தவிர வேறு கரையைப் பார்க்காத பெண், ஆறே மாதத்தில் மீன் பெயர்களை என்னிடம் ஒப்பிக்க ஆரம்பித்துவிட்டாள்.

மாப்பிள்ளைக்கு ஒரு அண்ணன். இரண்டு பேரும் ஒரே ஃபைபர் படகில்தான் தொழிலுக்குப் போவார்கள். படகு அண்ணன் பெயரில் இருந்தது. அதன் பழைய எஞ்சின் ஒரேயடியாகப் படுத்துவிட்டதால் புதிது வாங்க வேண்டும், பாதிப் பணம் அண்ணன் போடுவது, பாதி என் தங்கை போடுவது என்று வீட்டில் பேசி முடித்தார்கள்.

தங்கையின் பாதி எங்கிருந்து வந்தது என்பதை நான் சொல்லித்தான் ஆக வேண்டும். செவிலிமேட்டில் எங்கள் அப்பா அம்மா வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாங்கிப் போட்டிருந்த ஒரு மனையை விற்றோம். அதில் சரிபாதியை அவளுக்குக் கொடுத்தேன். கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு எதற்கு என்று கேட்ட சித்தப்பாவிடம் சண்டை போட்டு, இரண்டு கிறிஸ்துமஸ் அவர் வீட்டுப் படி ஏறாமல் இருந்தேன். அந்தப் பெருமை எனக்கு உண்டு, மறைக்கவில்லை. நகையெல்லாம் முதல் பிரசவத்தோடு போய்விட்டது. தன்னுடையது என்று என் தங்கைக்கு இருந்தது அந்தப் பணம் ஒன்றுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது அவளிடமிருந்து போன்.

"அண்ணா, பெருசா ஒரே எஞ்சின் வாங்கறதா, சின்னதா ரெண்டு வாங்கறதான்னு இங்க பேசிக்கினு இருக்காங்க. நீ சொன்னா இவங்க கேப்பாங்க. யோசிச்சு சொல்லு."

"நான் கரண்டு மோட்டார்க்காரன்மா. அது பெட்ரோல் ஊத்தற எஞ்சின். எனக்கு என்னா தெரியும்?"

"சுத்தறது எல்லாம் ஒண்ணுதானே. நீ சொல்லு ண்ணா."

தெரியாது என்று அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் மாப்பிள்ளை வீட்டார் என் வார்த்தைக்காகக் காத்திருக்கிறார்கள் என்றதும் எனக்குக் கொஞ்சம் தலை கனத்துவிட்டது. பார்த்துச் சொல்கிறேன் என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

கணக்கு முதலில் சுலபமாகத்தான் தெரிந்தது. இருபத்தைந்து ஹெச்.பி.யில் ஒன்று, அல்லது பத்து ஹெச்.பி.யில் இரண்டு. பத்தும் பத்தும் இருபது, ஆகவே பெரியதே மேல் என்று ஒரு சீட்டில் எழுதிக் கடைச் சுவரில் ஒட்டினேன். சாயங்காலம் டீ குடிக்கும்போது நடுக்கடலில் அந்த ஒன்று நின்றுபோனால் என்ன செய்வார்கள் என்ற எண்ணம் வந்தது. எங்கள் ஊரில் மோட்டார் நின்றால் குடத்தைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போவார்கள். கடலில் எந்த வீட்டுக்குப் போவது? சீட்டைக் கிழித்துவிட்டு, இரண்டுதான் என்று வேறு சீட்டு எழுதினேன். மறுநாள் ஒரு மெக்கானிக்குக்குப் போன் போட்டால், இரண்டில் ஒன்று நின்றுவிட்டால் படகு ஒரு பக்கமாகவே இழுக்கும், பின்பக்கம் கனம் கூடும், பெட்ரோல் அதிகம் குடிக்கும் என்கிறார். அந்தச் சீட்டும் போயிற்று.

என் கடைக்கு மோட்டார் கொண்டுவந்த யாரையும் நான் விடவில்லை. சின்ன காஞ்சிபுரத்திலிருந்து ஓய்வு பெற்ற பௌதிக வாத்தியார் ஒருவர் வருவார். நெற்றியில் திருமண் இல்லாமல் அவரைப் பார்த்ததே இல்லை. அவரிடம் கேட்டேன். என் கொட்டேஷன் தாளின் பின்புறம் முழுக்கப் படம் வரைந்தார், அம்புக்குறி போட்டார், தண்ணீரின் எதிர்ப்பு, விசிறியின் சுற்று என்று அரை மணி நேரம் விளக்கினார். கடைசியில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "எல்லாம் சரி, நான் கடல்ல காலை நனைச்சதோட சரி. உள்ள போனதில்லை. நீங்க அவாளையே கேட்டுடுங்கோ" என்று கை விரித்துவிட்டார். அவருடைய மோட்டாரை இரண்டு நாள் தாமதமாகத்தான் கொடுத்தேன்.

வீட்டில் என் மனைவியிடம் சொன்னேன். அவள் பிறந்த வீட்டில் தறியில் உட்கார்ந்தவள். கோர்வைக் கரை போடும் சேலைக்கு ஒரு தறியில் இரண்டு பேர் வேண்டும்.

"ரெண்டு பேர் உக்காந்தா ரெண்டு பேருக்கும் மனசு சரியா இருக்கணும். ஒருத்தர் மூஞ்சைத் தூக்கிக்கினா அன்னிக்கு வேலை ஓடாது. ஒண்ணே வாங்கச் சொல்லு" என்றாள். சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா தனியா விட்டா பயமாத்தான் இருக்கும் பாவம்" என்றாள். எஞ்சினைச் சொன்னாளா, மாப்பிள்ளையைச் சொன்னாளா என்று எனக்குப் புரியவில்லை.

இதற்கு நடுவில் தங்கை அடிக்கடி போன் செய்தாள். அவள் கேட்ட கேள்விகள் என் குழப்பத்தை இன்னும் கூட்டின.

"ரெண்டு வாங்கினா தனித்தனி பில்லா போடுவாங்களா ண்ணா?"

வாரன்டிக்காகக் கேட்கிறாள் என்று நினைத்து, பில் எப்படி இருந்தாலும் வாரன்டி உண்டு என்றேன்.

"ஒண்ணை மட்டும் கழட்டி நம்ம வீட்டுக்கு எடுத்தாந்து வெச்சுக்க முடியுமா?"

கரையில் திருட்டுப் பயம் போலிருக்கிறது என்று நினைத்து, நல்ல சங்கிலியும் பூட்டும் போட்டால் போதும் என்றேன்.

"ஒண்ணு நின்னா இன்னொண்ணு மட்டும் ஓடும்தானே? அப்ப எது ஓடுச்சுன்னு தெரியும்தானே?"

எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. "எது ஓடினா உனக்கு என்னாம்மா? கரைக்கு வந்தா சரிதானே?" என்றேன். சரி ண்ணா என்று வைத்துவிட்டாள்.

ஒரு மாதம் ஆனதும் இரண்டு பஸ் மாறி அவள் ஊருக்குப் போனேன். எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அண்ணன் எனக்கு நாற்காலி போட்டுத் தான் பாயில் உட்கார்ந்தார். பெரிய மனிதர், நிதானமான பேச்சு, அவர் மீது ஒரு குறையும் சொல்ல முடியாது.

"சீக்கிரம் கரை வந்தாத்தான் மச்சான் ஏலத்துல விலை. ஒரே எஞ்சின்னா வேகம் இருக்குது. ஆனா நீங்க படிச்சவரு, நீங்களே முடிவு சொல்லுங்க" என்றார்.

மாப்பிள்ளை தயங்கித் தயங்கி, "ஒண்ணு நின்னுட்டா என்னா பண்றதுன்னுதான் மச்சான்" என்றார். துடுப்பு இருக்கிறது, பக்கத்தில் வேறு படகுகள் இருக்கும், போன் இருக்கிறது என்று அண்ணன் சொல்ல, மாப்பிள்ளையும் ஆமாம் என்றார்.

என் முறை வந்தது. உள்ளே எனக்கு ஒன்றும் தெளியவில்லை, அதுதான் உண்மை. ஆனால் எட்டு ஜோடிக் கண்கள் என்னைப் பார்க்கின்றன, மூன்று டீ குடித்தாகிவிட்டது. கனம், பெட்ரோல், வேகம், உதிரிபாகம் என்று விரல் மடக்கிச் சொல்லி, "ஒண்ணே வாங்குங்க. நல்ல கம்பெனியா, பெருசா ஒண்ணு" என்று தீர்ப்புக் கொடுத்தேன். சொல்லும்போது என் குரல் எனக்கே நம்பிக்கையாகக் கேட்டது.

தங்கை காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"நல்லா யோசிச்சியா ண்ணா?"

"ஒரு மாசமா அதைத்தான்மா யோசிச்சிக்கினு இருக்கேன்."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

எஞ்சின் வந்தது. நன்றாக ஓடியது. மாப்பிள்ளை வீடியோ அனுப்பினார். அலையைப் பிளந்துகொண்டு படகு போவதைக் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் காட்டினேன். வாத்தியாருக்கு இரண்டு தடவை காட்டினேன்.

மழைக்காலம் முடிந்து ஒரு நாள் போய்ப் பார்த்துவரலாம் என்று கிளம்பினேன். நான் போய்ச் சேர்ந்த காலை நேரத்தில் படகு கரையேறிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் மாப்பிள்ளையின் அண்ணன் மணலில் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். "மச்சான் சொன்னதுதான் மச்சான் கரெக்டு. மொத ஏலம் நம்முளுதுதான் இப்ப" என்றார். ஆசிரியரிடம் நோட்டில் நட்சத்திரம் வாங்கிய பையன் போல நின்றுகொண்டிருந்தேன்.

ஏலம் நடந்தது. பெண்கள் வட்டமாக நின்று விலை கேட்டார்கள். அந்தக் கூட்டத்தில் என் தங்கையும் இருந்தாள். இன்னொரு பெண் விலை ஏற்ற, இவளும் ஏற்றி, ஒரு கூறு சங்கரா மீனை வாங்கினாள். இடுப்பிலிருந்த சுருக்குப் பையைத் திறந்து பணம் எண்ணிக் கொடுத்தாள். சொந்தப் படகு மீனுக்கு எதற்குக் காசு என்று எனக்கு ஒன்றும் புரியவில்லை.

ஏலப் பணம் கைக்கு வந்ததும் பங்கு பிரித்தார்கள். படகுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, எஞ்சினுக்கு ஒரு பங்கு, கடலுக்குப் போன ஆளுக்கு ஒரு பங்கு.

"எஞ்சினுக்குமா பங்கு?" என்று பக்கத்திலிருந்த மாப்பிள்ளையைக் கேட்டேன்.

"ஆமா மச்சான். எங்க பக்கம் எஞ்சினும் ஒரு ஆளு மாதிரி. யார் எஞ்சினோ அவங்க கையில அந்தப் பங்கு போகும்."

படகின் பங்கு, வலையின் பங்கு, எஞ்சினின் பங்கு மூன்றையும் சேர்த்து அண்ணனின் மனைவி முந்தானையில் முடிந்துகொண்டார். அவரும் நல்லவர்தான். என்னைக் கட்டாயம் சாப்பிட்டுவிட்டுத்தான் போகச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து தங்கை சங்கராவை அலசிக்கொண்டிருந்தபோது அவள் எதிரில் உட்கார்ந்து கேட்டேன். பாதிப் பணம் உன்னுடையது, பாதிப் பங்கு ஏன் உனக்கு வரவில்லை என்று.

"ஒரு எஞ்சினுக்கு ஒரு பில்லுதான் ண்ணா போடுவாங்க. படகு யார் பேர்ல இருக்குதோ அவங்க பேர்ல போட்டாங்க. தர மாட்டேன்னு மூத்தாரு சொல்லல. கேட்டா குடுப்பாரு." மீனின் செதிலைத் தள்ளிவிட்டு, "கேட்டு வாங்கணும்" என்றாள்.

"இதை ஏம்மா அன்னிக்கே என்கிட்ட சொல்லல?"

"எல்லாரும் உக்காந்துக்கினு இருக்கறப்ப எனக்கு ஒண்ணு, அவங்களுக்கு ஒண்ணுன்னு நான் எப்படி வாயைத் தொறக்கறது? வீட்டைப் பிரிக்கறான்னு சொல்லுவாங்க. நீயா ரெண்டுன்னு சொல்லிட்டா ஒண்ணு தன்னால என்னுது ஆயிடும்னு இருந்தேன். போன்லகூட எவ்ளோ கேட்டேன். நீ சங்கிலி வாங்கு, பூட்டு வாங்குன்ன."

எனக்கு அவமானமாக இருந்தது. சித்தப்பாவோடு சண்டை போட்டு வாங்கிக் கொடுத்ததை நானே விரல் மடக்கிக் கணக்குச் சொல்லிப் பிடுங்கி அண்ணன்காரர் கையில் கொடுத்திருக்கிறேன். ஆனால் எஞ்சின் விஷயத்தில் நான் சொன்னது தப்பா? அதுவும் இல்லை. படகு வேகமாகத்தான் போகிறது, ஏலத்தில் விலை கிடைக்கிறது, மாப்பிள்ளையின் பங்கே கூடியிருக்கிறது. யாரிடம் கேட்டாலும் என்னைப் பாராட்டத்தான் செய்கிறார்கள். சரியாகச் சொல்லியே ஒருத்திக்குக் கெடுதல் செய்ய முடியுமா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

"அது ஒண்ணுதான். அதுல பாதின்னு எந்தப் பக்கத்தைக் கையால காட்டுவேன் சொல்லு" என்று அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் தீர்ப்புச் சொன்ன அன்றைக்கே சரியாகப் பார்த்திருக்க வேண்டும்.

மனை விற்றதில் என் பாதி வங்கியில் அப்படியே இருந்தது. அதை எடுத்து ஒரு சின்ன எஞ்சின் வாங்கித் தருகிறேன், அது உன் பேரில் இருக்கட்டும், பெரியதோடு சேர்த்து மாட்டிக்கொள்ளட்டும் என்று அவளிடம் சொன்னேன்.

அவள் மீனில் மஞ்சளும் உப்பும் தடவிக்கொண்டே, கோபமே இல்லாமல் சொன்னாள்.

"அப்பவும் அது நீ குடுத்தது ண்ணா. என்னுது அந்தப் பெருசுக்குள்ளதான் ஓடிக்கினு இருக்குது."