தாம்பாளத்தில் வந்த டர்போ

எங்கள் காருக்கு டர்போசார்ஜர் போடுவதா, சூப்பர்சார்ஜர் போடுவதா என்று நாலு மாதம் பேச்சு நடந்தது. வீட்டில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்தவள் நான் ஒருத்திதான். கல்லூரியில் பையன்களுக்கு இன்ஜின் பாடம் எடுத்துக்கொண்டிருந்தவளும் நான்தான். என்னைக் கேட்டார்களா என்றால், கேட்டார்கள். ரெண்டு பேருமே கேட்டார்கள். அதுதான் கொடுமை.

ஒருவர் என் வீட்டுக்காரர். சிதம்பரம் கீழ வீதியில் மருந்துக் கடை, அதற்கு மேல் மாடியில் வீடு. இன்னொருவன் என் அண்ணன். கடலூரில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தான். குடிகாட்டுப் பக்கத்துக் கெமிக்கல் கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றிப் போகிற வேன்கள் பாதி அவனிடம்தான் வேலைக்கு வரும். அப்பா இல்லாததால் என் கல்யாணத்தை அவன்தான் எடுத்துச் செய்தான். ரெண்டாயிரத்துப் பத்து தை மாதம். சீராக ஒரு சின்ன பெட்ரோல் கார் கொடுத்தான். "தங்கச்சி காலேஜுக்குப் போய் வர்றதுக்கு" என்று மண்டபத்தில் எல்லார் காதிலும் விழுகிற மாதிரி சொன்னான். ஆர்.சி. புக் மட்டும் மாப்பிள்ளை பேரில். அதுதானே முறை.

என் கல்லூரி புதுச்சத்திரத்துக்கு அப்பால், மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருந்தது. நான் பாட்டுக்குக் காலையில் காரை எடுத்துக்கொண்டு போவேன், சாயங்காலம் வருவேன். கல்யாணத்துக்குப் பிறகு எனக்கென்று மிஞ்சியிருந்தது அந்தப் போக்குவரத்து ஒன்றுதான் என்று சொன்னால் மிகையாகாது. ஆனி மாதம் நான் முழுகாமல் இருப்பது தெரிந்தது. டாக்டரம்மா, "பஸ்ல குலுங்கக் கூடாது, கார்னா மெதுவாப் போய்ட்டு வாங்க" என்றார். மாமியார், "அந்த வேலையத்தான் விட்டுட்டா என்ன" என்றார். என் வீட்டுக்காரர் நடுவில் புகுந்து, "கார் இருக்கற வரைக்கும் போய்ட்டு வரட்டும்மா" என்றார். என் வேலை அந்த ஒரு பேச்சில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. கார் நின்றால் வேலை நிற்கும். செமஸ்டர் நடுவில் போனவளுக்காக எந்தக் கல்லூரியும் நாற்காலியைத் துடைத்து வைத்துக்கொண்டு காத்திருக்காது.

இப்படி இருக்கும்போதுதான் என் வீட்டுக்காரருக்கு ரேஸ் பைத்தியம் பிடித்தது. பில் போடுவதற்கு வாங்கிய கம்ப்யூட்டரில் நெட் கனெக்‌ஷன் கொடுத்ததோடு ஆரம்பம். கடையில் கூட்டம் இல்லாத நேரமெல்லாம் கார் பைத்தியங்கள் எழுதுகிறதைப் படித்துக்கொண்டிருப்பார். சென்னை பக்கத்து டிராக்கில் வருஷத்துக்கு ஒருநாள் சாதாரண ஆட்களையும் சொந்தக் காரை ஓட்டிப் பார்க்க விடுவார்களாம். அதில் ஒரே ஒரு தடவை ஓட்ட வேண்டும், அதுவும் இந்தக் காரிலேயே. சும்மா சொல்லக் கூடாது, நல்ல மனுஷன். குடி இல்லை, சீட்டு இல்லை. பதினெட்டு வயதில் அப்பா கடையில் உட்கார்ந்தவர் அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. ஆசை என்று அவர் வாய்விட்டுச் சொன்னது இது ஒன்றுதான். எப்படி வேண்டாம் என்பது?

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். ரெண்டும் செய்கிற வேலை ஒன்றுதான். இன்ஜினுக்குள் தானாகப் போகிற காற்றைவிட ஜாஸ்தி காற்றை அமுக்கி உள்ளே தள்ளும். காற்று ஜாஸ்தியானால் பெட்ரோலையும் ஜாஸ்தியாக எரிக்கலாம், வண்டி பறக்கும். டர்போ, சைலன்சர் வழியாக வீணாய்ப் போகிற புகையை வைத்தே சுற்றிக்கொள்ளும். ஓசி வேலை. ஆனால் புகை போதுமான அளவுக்குச் சேருகிற வரை சும்மா கிடக்கும். நீங்கள் மிதித்தால் ஒன்றும் நடக்காது, அப்புறம் திடீரென்று முதுகில் கைவைத்துத் தள்ளும். சூப்பர்சார்ஜர் மாவு மிஷின் மாதிரி. பெல்ட் போட்டு இன்ஜினே அதைச் சுற்ற வேண்டும். மிதித்தவுடனே கேட்கும், ஆனால் சுற்றுகிற தெம்பை இன்ஜினிடமிருந்தே பிடுங்கிக்கொள்ளும். இதை நான் எட்டு மார்க் கேள்வியாகக் கேட்பது வழக்கம். கடைசி பெஞ்சில் தூங்குகிறவன்கூட ஆறு மார்க் வாங்கிவிடுவான்.

என் வீட்டுக்காரருக்கு டர்போ. கியர் மாற்றும்போது அது 'உஸ்ஸ்' என்று மூச்சு விடுமாம், அந்தச் சத்தத்துக்காகவே வேண்டுமாம். அண்ணனுக்கு சூப்பர்சார்ஜர். சென்னை புதுப்பேட்டையில் பழைய பார்ட்ஸ் கடையில் ஏதோ வெளிநாட்டு வண்டியிலிருந்து கழற்றியது ஒன்று கிடக்கிறது, சொன்னால் எடுத்து வைப்பார்கள் என்றான். சரி, ரெண்டு பேரும் உட்கார்ந்து பேசி முடிவு பண்ணுங்கள் என்றுதானே யாரும் சொல்வார்கள். அவர்கள் பேசியதைக் கேட்டால் உங்களுக்கே தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றும்.

"உங்க இஷ்டம் மச்சான். நீங்க பாக்காத வண்டியா?"

"கார் உங்களுது மாப்ள. நீங்க சொல்றதுதான்."

"அப்படியெல்லாம் இல்ல மச்சான். உங்களுக்கு எது சரின்னு படுதோ."

"உங்க மனசுக்குப் புடிச்சத சொல்லுங்க மாப்ள, செஞ்சிடலாம்."

இப்படியே ஒரு மணி நேரம் பேசி, காபி குடித்து, அண்ணன் பைக்கை எடுத்துக்கொண்டு கடலூருக்குப் போய்விடுவான். மைத்துனன் பேச்சை மறுத்தால் மரியாதை இல்லை, மாப்பிள்ளை பேச்சை மறுத்தால் அதைவிட மரியாதை இல்லை. அதனால் ரெண்டு பேரும் மறுக்கவே மாட்டார்கள். மறுப்பதற்கு நான் ஒருத்தி இருந்தேன்.

அண்ணன் தெருமுனையைத் தாண்டியிருக்க மாட்டான், இவர் ஆரம்பிப்பார். "உங்க அண்ணன் பெல்ட்டு பெல்ட்டுங்கறார். டர்போதான் சரின்னு நீ கொஞ்சம் பக்குவமா எடுத்துச் சொல்லேன். நீ சொன்னா கேப்பார்." மறுநாள் அண்ணனிடமிருந்து போன் வரும். "பாப்பா, மாப்ள டர்போங்கறாரு. பஸ்ஸுக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் நடுவுல உருட்டற வண்டிக்கு அது எதுக்கு? நான் சொன்னா தப்பா எடுத்துக்குவாரு. நீ சொல்லு." நான் டர்போ என்றால் கல்யாணமானதும் தங்கச்சி மாறிவிட்டாள். சூப்பர்சார்ஜர் என்றால் பொண்டாட்டி இன்னும் பிறந்த வீட்டை விட்டு வரவில்லை. இன்ஜினைப் பற்றி என்னிடம் கேட்பதாக அவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். நான் யார் வீட்டுப் பெண் என்றுதான் தினமும் கேட்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் தேவனாம்பட்டினத்திலிருந்து மீன் வாங்கிக்கொண்டு வந்திருந்தான். ரெண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடும்போது நான் வாயைத் திறந்தேன். "ரெண்டுமே வேணாம். இது சாதாரணக் காத்துக்குன்னு செஞ்ச இன்ஜின். காத்த அமுக்கினா கூடவே பெட்ரோலையும் கணக்கா ஏத்தணும், அதுக்கு இதுல வழி கெடையாது. சூடேறி, எரிய வேண்டிய நேரத்துக்கு முன்னாடியே வெடிக்கும். பிஸ்டன் ஓட்டையாயிடும். போட்டுத்தான் ஆகணும்னா பிஸ்டனை மாத்தணும், பெட்ரோல் விடற கம்ப்யூட்டரை மாத்தணும். அதுக்கு இன்னொரு காரே வாங்கிடலாம்."

அண்ணன் மீன் முள்ளை ஒதுக்கிவிட்டுச் சிரித்தான். "எத்தன வேனுக்கு டர்போ மாட்டியிருக்கேன். ஒண்ணாவது போச்சா?"

"ணா, அதெல்லாம் டீசல். டீசலுக்குக் காத்து எவ்ளோ போனாலும் ஒண்ணும் ஆவாது. பெட்ரோல் அப்படியில்ல."

"மாசமா இருக்கறப்ப எதப் பாத்தாலும் பயமாத்தான் இருக்கும்" என்றார் என் வீட்டுக்காரர், ரொம்பப் பிரியமாக. "இல்ல மச்சான்?"

"ஆமாம் மாப்ள. எங்க வீட்லயும் இப்படித்தான் இருந்தா."

அந்த நாலு மாதத்தில் ரெண்டு பேரும் ஒரே பக்கம் சேர்ந்தது அன்றைக்குத்தான். நான் சும்மா இருந்தேன் என்று நினைக்காதீர்கள். கத்தினேன். குழம்புக் கரண்டியை நங்கென்று வைத்தேன். இவர் எழுந்து போய் எனக்கு எலுமிச்சம்பழ ஜூஸ் பிழிந்துகொண்டு வந்தார். பத்தியத்துக்கும் பாசத்துக்கும் குறைச்சலே இல்லை. என் பேச்சைத்தான் யாரும் எடுக்கவில்லை.

தலைதீபாவளிக்குக் கடலூர் போனோம். எண்ணெய் தேய்த்துக் குளித்து, பலகாரம் சாப்பிட்டு, சீர் கொடுக்கிற நேரம். அண்ணி பித்தளைத் தாம்பாளத்தைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்தாள். பட்டு வேட்டி, சட்டைத் துணி, வெற்றிலை பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம். நடுவில் பெரிய நத்தை மாதிரி ஒரு டர்போ. ஏதோ டீசல் வண்டியில் இருந்து கழற்றியதை அண்ணன் பளபளவென்று தேய்த்து, சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமமும் வைத்திருந்தான்.

"மாப்ள ஆசப்பட்டதச் செய்யறதுதான சீரு" என்றான். புதுப்பேட்டையில் பார்த்து வைத்திருந்த தன்னுடைய சூப்பர்சார்ஜரை விட்டுக்கொடுத்துவிட்டான். என் வீட்டுக்காரர் எழுந்து நின்றார். தாம்பாளத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எனக்கும் ஒரு நிமிஷம் மனசு இளகியது, பொய் சொல்ல மாட்டேன்.

அத்தோடு என் கதை முடிந்தது. அதுவரைக்கும் அது இன்ஜின் சமாச்சாரம், நான் வாதாடலாம். தாம்பாளத்தில் வந்துவிட்டால் அது சீர். சீரை வேண்டாம் என்றால் கொடுத்தவனையே வேண்டாம் என்றதாக ஆகும். பின்கட்டில் அண்ணனைத் தனியாகப் பிடித்தேன். "ணா, இந்த வண்டி போச்சுன்னா என் வேலை போயிடும்ணா." அவன் என் தலையில் கைவைத்தான். "உன் வேலை எங்கயும் போவாது பாப்பா. போடறது யாரு? உன் அண்ணன்."

ரெண்டு நாள் ஒர்க்‌ஷாப்பிலேயே கிடந்தார்கள் ரெண்டு பேரும். என் வீட்டுக்காரர் கையெல்லாம் கிரீஸ் அப்பிக்கொண்டு, பத்து வயது குறைந்த மாதிரி வந்து நின்றார். ஊருக்குக் கிளம்புகிற அன்று, தலைதீபாவளி முடிந்து கொண்டுபோய் விட வேண்டுமே என்று அண்ணனும் கூட வந்தான். அவர் ஓட்ட, அண்ணன் பக்கத்தில். பின் சீட்டில் நான், மடியில் முறுக்கு டப்பா.

குடிகாட்டைத் தாண்டும்வரை அந்தக் கெமிக்கல் நாற்றத்துக்காகக் கண்ணாடியை ஏற்றியிருந்தோம். தாண்டியதும் இறக்கினோம். ரோடு காலியாக இருந்தது. இவர் மிதித்தார். ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் நான் பாடத்தில் சொல்கிற மாதிரியே, சீட்டோடு சேர்த்து முதுகைத் தள்ளியது. கியர் மாற்றும்போது உஸ்ஸ் என்றது. ரெண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நான் முன்னால் தொங்குகிற கண்ணாடியில் பார்த்தேன். எனக்கே ஒரு கணம், நான்தான் தப்போ என்று இருந்தது.

ஆலப்பாக்கம் தாண்டி எனக்குக் கேட்டது. தகர டப்பாவில் சரளைக்கல்லைப் போட்டு ஆட்டினால் எப்படி இருக்கும், அந்தச் சத்தம். பையன்களுக்குப் போர்டில் எழுதிப்போடுவேன், காதால் கேட்டது அன்றைக்குத்தான். "என்னங்க, கால எடுங்க. ஆக்சிலேட்டர்ல இருந்து கால எடுங்க" என்றேன்.

"புதுசுல அப்படித்தான் இருக்கும்" என்றான் அண்ணன்.

"ணா, பிஸ்டன் போவுது."

"நீ சாஞ்சு உக்காரு பாப்பா, பயப்படாத."

சாய்ந்து உட்கார்ந்தேன். வேறு என்ன செய்ய, ஓடுகிற காரிலிருந்து குதிப்பதா? இன்னும் கொஞ்ச தூரம் போனதும் பட்டென்று ஒரு சத்தம், பின்னால் ரோடு தெரியாத அளவுக்குப் புகை. வண்டி தானாகவே உருண்டு ஒரு புளியமரத்துக்குக் கீழே நின்றது. தூறல் போட்டது. ரெண்டு பேரும் இறங்கி பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்கள்.

"என் தப்பு மாப்ள."

"உங்க தப்பு என்ன மச்சான் இருக்கு. நான் ஆசப்பட்டதாலதான."

"நீங்க ஆசப்பட்டது தப்பா? நான் பாத்துச் செஞ்சிருக்கணும்."

ஒருவர் தோளை ஒருவர் தட்டிக்கொடுத்தார்கள். பிறகு அண்ணன் பின் கதவுப் பக்கம் வந்து குனிந்து என்னைப் பார்த்தான். "நீயாவது கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கலாம்ல பாப்பா. நீதான மெக்கானிக்கல் படிச்சவ." அவன் பின்னால் நின்று என் வீட்டுக்காரரும் தலையாட்டினார்.

முறுக்கு டப்பாவைத் திறந்து ஒரு முறுக்கை எடுத்துக் கடித்தேன்.

பிஸ்டன் ரெண்டு ஓட்டை, சிலிண்டரில் கீறல். வேறு இன்ஜின்தான் தேட வேண்டும் என்றான் அண்ணன். கார் அவன் ஒர்க்‌ஷாப்பிலேயே கிடந்தது. கார் இருக்கற வரைக்கும்தான் என்ற பேச்சை மாமியார் நினைவுபடுத்தவே தேவையில்லை. வாடகைக் காரில் போனால் சம்பளம் முழுக்க அதற்கே சரியாகப் போகும். ரெண்டு வாரம் லீவு போட்டேன், மூன்றாவது வாரம் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டேன். அடுத்த செமஸ்டருக்கு என் பாடத்தை எடுக்க வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள்.

பொங்கல் கழித்து, எனக்கு எட்டாம் மாதம் நடக்கும்போது கார் வந்தது. அண்ணன் அலைந்து திரிந்து நல்ல இன்ஜினாகப் பார்த்துப் போட்டிருந்தான், சத்தமே இல்லை. டர்போ எங்கள் வீட்டுப் பரணில் ஏறியது. சீர் ஆயிற்றே, பழைய இரும்புக்குப் போட முடியாது. குங்குமம் அதில் அப்படியே இருந்தது. என் வீட்டுக்காரர் கார் சாவியை எடுத்துவந்து என் கையில் வைத்தார். முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

"நீ சொன்ன மாதிரியே ஒண்ணும் போடல. பழையபடி இருக்கு. இனிமே நீயே ஓட்டு."

"எங்க போறதுக்குங்க?"

அவர் யோசித்தார். நிஜமாகவே எனக்காக ரொம்ப நேரம் யோசித்தார்.

"கோயிலுக்குப் போய்ட்டு வாயேன்" என்றார்.

எங்கள் வாசலில் நின்றால் கோபுரம் தெரியும்.