சம்பந்தி தன் மகனை வாழ்த்திய விதம்

ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இதை வெட்கப்பட்டுச் சொல்லவில்லை. மொன்றியலில் ஹோட்டல்களின் சமையலறைப் புகைக்கூட்டுக்குள் ஏறி எண்ணெய்ப் பிசுக்கைச் சுரண்டத் தொடங்கியவன், இன்று அதே வேலைக்கு இரண்டு வான் வண்டிகளும் பதினான்கு ஆட்களும் வைத்திருக்கிறேன். லவாலில் சொந்த வீடு. பட்டம் வாங்கிய இரண்டு பேர் என்னிடம் சம்பளம் வாங்குகிறார்கள்.

ஆங்கிலமும் நானாகவே பிடித்ததுதான். பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் என் முதல் முதலாளி ஒரு கிரேக்கர். அவர் பேசியதைக் கேட்டுக் கேட்டுப் பேசினேன். அது கிரேக்கர்கள் பேசுகிற ஆங்கிலம் என்று பத்து வருடம் கழித்துத்தான் தெரியவந்தது. அதனால் ஒன்றும் குறைந்துபோய்விடவில்லை. என்னோடு வந்த பலர் அந்த மொழிக்குப் பயந்து ஒதுங்கினார்கள். பயப்படக் காரணமும் இருந்தது. கத்திக்கு 'நைஃப்' என்று எழுதும்போது முன்னால் 'கே' என்று ஓர் எழுத்தைப் போடுவார்கள், வாசிக்கும்போது அதைத் தொடமாட்டார்கள். 'கிளீன்' என்று ஒரு சொல். அதற்குப் பின்னால் 'அப்' போட்டால் ஒரு வேலை, 'அவுட்' போட்டால் வேறு வேலை, 'ஆஃப்' போட்டால் இன்னொன்று. ஒவ்வொன்றையும் ஒரு தடவை பிழையாகச் செய்து, ஏச்சு வாங்கி, அப்படித்தான் படித்தேன். ஒருமுறை பட்டால் எனக்கு மறக்காது.

பிரெஞ்சிலும் இந்தக் கூத்துகள் உண்டு. ஆனால் பிரெஞ்சுக்காரனுக்குக் கோபம் வந்தால் கோபமாகவே பேசுவான், சந்தோசம் வந்தால் சந்தோசமாகவே பேசுவான். ஆங்கிலேயனிடம் அந்த ஒழுங்கு இல்லை. அதை நான் அறியாமல், ஆங்கிலத்தில் இனிக் கற்க எனக்கு ஒன்றும் இல்லை என்று நினைத்திருந்த காலத்தில்தான் என் ஒரே மகளின் கலியாணத்தை நிறுத்தப் பார்த்தேன்.

மகள் தானே தேடிக்கொண்ட மாப்பிள்ளை. ஆங்கிலக் குடும்பம். உயர்நிலைப் பள்ளியில் விஞ்ஞானம் படிப்பிக்கிறான். நான் எதிர்க்கவில்லை. மனதில் ஒரேயொரு குறைதான் கிடந்தது: விசாரிக்கவில்லை. எங்கள் ஆட்களில் என்றால் பெடியன் எப்படி, குடிப்பானா, பொறுப்பானவனா என்று நாலு இடத்தில் விசாரிக்காமல் பெண் கொடுக்கமாட்டோம். இங்கே யாரிடம் போய் விசாரிப்பது? வெள்ளைக்காரனுக்கு ஊர் எது, தெரு ஒழுங்கை எது?

கலியாணத்துக்கு மூன்று கிழமை இருக்கும்போது மாப்பிள்ளையின் தகப்பன் பியர்பொன்ட்ஸில் தன் வீட்டுக் கோடியில், பின்பக்கப் புல்தரையில், ஒரு மதிய விருந்து வைத்தார். நில அளவையாளராக இருந்து ஓய்வு பெற்றவர், நெடிய மனிதர். சாப்பாடு முடிந்ததும் கரண்டியால் கிளாசில் தட்டிக்கொண்டு எழும்பினார். மகனைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லப்போவதாகச் சொன்னார். நான் கதிரையைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

அவர் பத்து நிமிடம் பேசினார். ஒரு சொல் விடாமல் எனக்கு விளங்கியது. பதினாறு வயதில் இவன் பக்கத்து வீட்டுக்காரரின் புல்வெட்டும் வண்டியை எடுத்து ஓட்டி, அவர்களுடைய நீச்சல் தடாகத்துக்குள்ளேயே இறக்கிவிட்டானாம். பொலிஸ் கொண்டுவந்து வீட்டில் விட்டதாம். பல்கலைக்கழகத்தில் முதலில் இரண்டு படிப்பைத் தொடங்கி இரண்டையும் பாதியில் விட்டானாம். ஒரே குளிர்காலத்தில் மூன்று கோட்டுகளை மெட்ரோவில் தொலைத்தானாம். தனியாக இருந்த வீட்டின் நாற்றத்துக்குத் தாய் வாசலோடு திரும்பி வந்தாளாம். "இவ்வளவு கெட்டிக்காரப் பெண் இவனிடம் எதைக் கண்டாள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. கொண்டு போங்கள். திருப்பி எடுக்கமாட்டோம்" என்று முடித்துவிட்டுக் கிளாசைத் தூக்கினார்.

சனம் விழுந்து விழுந்து சிரித்தது. தாய் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். மாப்பிள்ளை கை தட்டினான். நான் கிளாசைத் தூக்கவில்லை. பெற்ற தகப்பன் சபையில் வைத்து இப்படிப் பேச, கை தட்டுகிறவனுக்கு வெட்கம் ரோசம் இருக்குமா? என் மகளைப் பார்த்தேன். அவளும் சிரித்துக்கொண்டிருந்தாள். பிள்ளையை மயக்கிவிட்டார்கள் என்று நினைத்தேன்.

நான் விளங்கிக்கொண்டது இதுதான்: இந்த மனிதர் நேர்மையானவர். நான் விசாரிக்கவில்லை என்பது அவருக்குத் தெரியும். பிறகு பழி வராமல் இருக்க, காலம் கடக்குமுன் தானே எழும்பி எல்லாவற்றையும் ஒப்புவித்துவிட்டார். எங்கள் ஊரில் எந்தத் தகப்பன் இதைச் செய்வான்?

திரும்பி வரும்போது வான் வண்டிக்குள் நானும் மனைவியும் மட்டும். மகள் அங்கேயே நின்றுவிட்டாள்.

"இஞ்சாருங்கோ, ஏன் முகம் இப்பிடிக் கிடக்கு?" என்றாள் மனைவி.

"அந்தாள் சொன்னதைக் கேட்டனீரோ?"

"எனக்கு எங்கை விளங்கினது? சனம் சிரிச்சது, நானும் சிரிச்சனான்."

ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னேன். பொலிஸ் என்றதும் அவள் கையை நெஞ்சில் வைத்தாள்.

"பொலிஸோ? உண்மையாவோ?"

"பெத்த தேப்பன் வாயாலை சொல்லுறார், பேந்தென்ன? கலியாணம் வேண்டாம். நாளைக்கே நிப்பாட்டப் போறன்."

"அங்கை நிண்டு சிரிச்ச சனமெல்லாம் விசரே? உங்களுக்கு மட்டும்தானோ விளங்கினது?"

"எனக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கினது."

"அதுதான் எனக்குப் பயமாயிருக்கு" என்றாள். "பிள்ளையிட்டை ஒண்டும் கதைச்சுப் போடாதேங்கோ. முதல்லை அந்த மனுசனிட்டைப் போய் நேரை கேளுங்கோ. கேட்டிட்டு எனக்கு ரெலிபோன் எடுங்கோ" என்றாள்.

அடுத்த நாள் காலை பத்து மணிக்குப் போனேன். அவர் முன்வேலிச் செடியைக் கத்தரித்துக்கொண்டிருந்தார். வழியெல்லாம் மனதில் அடுக்கிக்கொண்டு வந்ததை ஆங்கிலத்தில் சொன்னேன்: "ஐயா, நேற்று நீங்கள் உண்மையைச் சொன்னீர்கள். நீங்கள் பெரிய மனிதர். ஆனால் உங்கள் மகனுக்கு என் பெண்ணைத் தரமாட்டேன்."

அவர் வெடித்துச் சிரித்தார். என் தோளில் தட்டி, "நேற்று நான் பேசினதை விட இது நல்லாயிருக்கிறது. இதைக் கலியாணத்தில் சொல்லவேண்டும்" என்றார்.

நான் சிரிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு அப்படியே நின்றுபோனது. கத்தரிக்கோலைப் புல்லில் வைத்துவிட்டு வாசல்படியில் இருந்தார். சிவந்த மனிதர் வெளிறிப்போனார்.

"ஐயோ, இல்லை. அவை பகிடிகள்."

"அப்ப நடக்காததா?"

"நடந்ததுதான். பையனாக இருந்தபோது நடந்தது. இப்போது அதைச் சொல்லிச் சிரிப்போம்."

"உங்களுக்கு மகனில் விருப்பம் இல்லையா?"

"என்ன கேள்வி இது? அவன் என் ஒரே மகன்."

"அப்படியென்றால் அதை ஏன் சொல்லவில்லை?"

"அதைத்தான் சொன்னேன். எங்கள் ஆட்கள் அதைச் சொல்கிற விதம் இது" என்றார்.

நான் அந்த மொழியில் முப்பது வருடம் வியாபாரம் செய்தவன். அந்த வாசலில்தான் முதல்முறையாக எனக்கு அது பிடிபடவில்லை என்று ஒப்புக்கொண்டேன். அவரிடம் சொல்லவில்லை, மனதுக்குள்தான். "என் மனைவி வீட்டில் காத்துக்கொண்டிருக்கிறாள். விதம் கிதம் என்று அவளிடம் சொல்ல முடியாது. உங்கள் மகனைப் பற்றி நேராக ஒரு நல்ல வார்த்தை சொல்லுங்கள்" என்றேன்.

"அவன் அவ்வளவு மோசமில்லை" என்றார்.

"இது நல்ல வார்த்தையா?"

அந்த மனிதர் பட்ட பாட்டை நான் மறக்கமாட்டேன். காது மடல் சிவந்துவிட்டது. என்னைப் பார்க்காமல் செடியைப் பார்த்துக்கொண்டு பேசினார். தன் மனைவிக்கு நோய் வந்த வருடம் மகன் தன் வீட்டை விட்டுவிட்டுத் திரும்பி இங்கே வந்தானாம். தினமும் ஊசி போடவேண்டியிருந்ததாம். "எனக்கு ஊசியைக் கண்டால் தலை சுற்றும். நான் சமையலறைக்குள் போய்விடுவேன். அவன்தான் போட்டான். விடிய எழும்பி, தாய்க்கு ஊசி போட்டு, சீப்பால் தலை இழுத்துவிட்டு, பிறகு பள்ளிக்கூடம் போவான். எட்டு மாதம். ஒரு நாள் விடவில்லை."

"இதை அவனிடம் சொல்லியிருக்கிறீர்களா?"

"இல்லை." கொஞ்சம் நிறுத்தினார். "நேற்று அதைச் சொல்லத்தான் எழும்பினேன். வாயைத் திறந்ததும் புல்வெட்டும் வண்டிதான் வந்தது."

அவருக்குப் பக்கத்தில் படியில் இருந்துவிட்டேன். அகதி வழக்கில் என்னை ஏற்றுக்கொண்டதாகக் கடிதம் வந்த அன்றும் இப்படி நிம்மதியாக மூச்சு விட்டதில்லை. இரண்டு கிழவர்களுமாக வெட்டுண்டு விழுந்த இலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவருக்கும் ஏதோ பாரம் இறங்கியிருக்கவேண்டும். சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். பிறகு கோப்பி போடுவதாகச் சொல்லி உள்ளே போனார்.

மனைவிக்கு ரெலிபோன் எடுத்தேன். முதல் மணி முடியுமுன் எடுத்துவிட்டாள்.

"நல்ல பெடியன். கலியாணம் நடக்கும்" என்றேன்.

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம்தான் கேட்டது.

"கேக்குதோ? தாய்க்கு வருத்தம் வந்தபோது எட்டு மாசம் ஊசி போட்டவனாம். தலை இழுத்து விட்டவனாம். எல்லாம் விசாரிச்சிட்டன்."

"ஓம், ஓம், கேக்குது" என்றாள். "நீங்கள் வெளிக்கிட்ட நேரம் தொடக்கம் சாமிப் படத்துக்கு முன்னாலைதான் இருக்கிறன். பொறுங்கோ, நான் முதல்லை எழும்பிறன். கால் ரெண்டும் விறைச்சுப் போச்சு."