வாலில் பார்த்த சூடு

வடக்குப்பட்டு சரோஜாவுக்குக் கர்ப்பப்பையோடு சினைப்பையையும் எடுத்து ஒரு வருஷமாகியிருந்தது. அதிலிருந்து திடீர் திடீரென்று உடம்பு அனலாய்க் கொதிக்கும், வேர்த்துக் கொட்டும். மார்கழியிலும் ஃபேன் வேண்டும். "தெர்மாமீட்டர்லயே ஒண்ணும் இல்ல. சும்மா நடிக்கிற," என்பார் புருஷன் தணிகாசலம். கேட்டுக் கேட்டு, தனக்குத்தான் புத்தி பிசகிவிட்டதோ என்று அவளுக்கே பயம் வந்துவிட்டது.

ஒரகடத்தில் மருந்துகளைச் சோதிக்கும் ஆய்வுக்கூடம் ஒன்றில் எலிக்கூண்டு கழுவுவது அவள் வேலை. 2012 டிசம்பரில் அங்கே பெண் எலிகளுக்குச் சினைப்பையை எடுத்துவிட்டு, பாதி எலிகளுக்கு மட்டும் ஹார்மோன் ஊசி போட்டார்கள். ஆராய்ச்சி செய்த கவிப்பிரியா தினமும் எலி வாலில் ஒரு சின்னக் கருவியை வைத்துப் பார்ப்பாள்.

"வால்ல இன்னாம்மா பாக்குற?"

"சினைப்பை போனா உடம்புல சூடு ஏறும்க்கா. எலிக்கு அது வால்ல தெரியும். ஊசி போட்டதுக்கெல்லாம் இறங்கிடுச்சு. போடாததுக்கு இன்னும் சுடுது."

சரோஜா பிரஷைக் கீழே வைத்தாள். "அப்போ இதுங்க நடிக்கல?"

"எலி எங்கக்கா நடிக்கும்?"

அப்பாடா என்றிருந்தது. சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் ஃபேனை முழு வேகத்தில் வைத்தாள்.

"குளிருதுடி, நிறுத்து," என்றார் தணிகாசலம்.

போர்வையைத் தூக்கி அவர்மேல் போட்டாள். "கூண்டுல கீற எலிக்கும் இதே சூடுதான்யா. அது எந்தப் புருசனுக்கு நடிச்சிக் காட்டுதாம்?"